மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி: பதினொரு வாரம் பயன்படுத்திய ஒரு கணவனின் மதிப்பீடு

189 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய, மேற்கையில் பட்டையைச் சுற்றிக் கட்டிப் பொத்தானை அழுத்தினால் தானே காற்றடைத்து ஒரு நிமிடத்துக்குள் மூன்று எண்களைத் திரையில் காட்டும் சாதாரண வீட்டுக் கருவியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். மருந்தகத்தின் கண்ணாடி அலமாரியில் அதன் பக்கத்தில் இருந்த நான்கைந்து கருவிகளுக்கும் நான் சொல்லப்போவது ஏறக்குறையப் பொருந்தும். அதோடு, இந்தப் பதினொரு வாரத்தில் நடந்த தவறுகளில் பாதி கருவியுடையவை அல்ல, என்னுடையவை.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் பக்கத்தில், சுற்றிலும் செம்பனை நிற்கும் ஒரு தோட்டப்புறச் சிறு நகரத்தில். தோட்டத்து ஆஸ்பத்திரியும் அதில் இருந்த டிரெசர் என்னும் மருத்துவ உதவியாளரும் என் அப்பா காலத்தோடு முடிந்து போனார்கள். லயத்து மக்களும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கிறது. ஆனால் மாலையில் அதன் கதவு மூடிய பிறகு பிள்ளைத்தாய்ச்சிக்குத் தலைவலி வந்தால் தெலுக் இந்தானில் உள்ள நிபுணர் மருத்துவமனைக்குத்தான் காரை எடுக்க வேண்டும். போவதா, பொழுது விடியும்வரை பொறுப்பதா என்று முடிவு செய்ய வீட்டில் ஏதேனும் ஒரு அளவு இருக்க வேண்டும் என்பதே இதை வாங்கிய காரணம்.

என் மனைவிக்கு இது இரண்டாவது கர்ப்பம். மூத்தவள் 33 வாரத்திலேயே பிறந்தவள். பிரீ-எக்லாம்சியா என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். இருபது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்குவது, அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது அந்நோயின் அடையாளம். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் தொடக்கத்திலேயே சரியாக விரியாமல் போவதில் அது தொடங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், இம்முறை பன்னிரண்டாம் வாரத்திலிருந்தே இரவில் சிறு அளவு ஆஸ்பிரினும் கூடவே சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கிளினிக்கில் தரும் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் அளவைக் காட்டும் வண்ண ஒட்டுகளில் எங்களுடையது இருபத்து மூன்றாம் வாரத்தில் மஞ்சளாக மாறியது.

அந்த வாரத்திலேயே அவசரப்பட்டு, இணையத்தில் 69 வெள்ளிக்கு மணிக்கட்டில் கட்டும் கருவி ஒன்றை வாங்கினேன். கைக்கடிகாரம் மாதிரி கட்டலாம், சட்டைக் கையை மடிக்க வேண்டியதில்லை, பெட்டியும் கைக்கடக்கம். கிளினிக்கில் 142/92 காட்டிய அதே நாள் மாலையில் அது 118/76 என்றது. எனக்கு உடனே மகிழ்ச்சி, மனைவிக்கு உடனே சந்தேகம். திரையில் எண் தெரிய வேண்டும் என்று அவர் மணிக்கட்டை முகத்துக்கு அருகே தூக்கிப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். பாய்லர் டிரம்முக்குக் கீழே மாட்டிய அழுத்தக் கேஜ், இடையில் நிற்கும் நீரின் உயரத்தையும் சேர்த்துக் காட்டும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. இரத்தமும் அப்படித்தான்: இதய மட்டத்திலிருந்து கை பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் அளவு ஏறக்குறைய 8 குறையும், தாழ்ந்தால் அவ்வளவு கூடும். ஆலையில் இதை வைத்துச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் கோட்டை விட்டேன். கையை மார்பு மட்டத்தில் வைத்து அளந்த பிறகும் அந்த மணிக்கட்டுக் கருவி கிளினிக்குடன் ஒத்துவரவில்லை. விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. இப்போது அது மூத்தவளின் டாக்டர் விளையாட்டுப் பெட்டியில் கிடக்கிறது.

மேற்கைக் கருவியைக் கடைத்தெரு மருந்தகத்தில் வாங்கினேன். பெட்டிக்குள் இருந்த பட்டையில் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை நானும் படிக்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. கருவியைச் சரிபார்க்கக் கிளினிக்குக்கு எடுத்துப் போனபோது, அங்கிருந்த தமிழ்த் தாதி பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, அக்காவோட கைச் சுத்தளவு எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. இத்தனைக்கும் என் மனைவி ரவிக்கை தைப்பவர், வீட்டில் அளவுநாடா எப்போதும் அவர் கழுத்திலேயே தொங்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்தால் 34 சென்டிமீட்டர். பட்டை சிறிதாக இருந்தால் எண் உண்மையைவிடக் கூடிக் காட்டும் என்றார் தாதி. 32 முதல் 42 வரையான பெரிய பட்டையைத் தனியாக வரவழைக்க மருந்தகம் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது, 75 வெள்ளியும் வாங்கியது. அது வந்த மாலையில் இரண்டு பட்டைகளையும் மாற்றிக் கட்டி அளந்தோம்: சிறியதில் 149/95, பெரியதில் 139/88. கருவியையும் கையையும் மாற்றாமல் பட்டையை மட்டும் மாற்றியதற்கே இவ்வளவு இடைவெளி. ஆகவே என் கணக்கில் இதன் விலை 264 வெள்ளி. வாங்கப்போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் கையை அளந்துகொண்டு போகட்டும்.

பெரிய பட்டையோடு மறுபடி கிளினிக்குப் போய், ஒரே கையில் அவர்கள் கருவியிலும் எங்களுடையதிலும் மாற்றி மாற்றி அளந்தோம். அவர்களுடையது 138/88, எங்களுடையது 141/87. இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம். இத்தகைய கருவிகள் மருத்துவர் காதில் குழாய் வைத்துக் கேட்பதுபோல் எதையும் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது நாடி ஏற்படுத்தும் அதிர்வை உணர்ந்து, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்கிட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பிரீ-எக்லாம்சியாவில் இரத்தக் குழாய்களின் தன்மையே மாறிவிடுவதால், மற்றவர்களுக்குச் சரியாகக் காட்டும் கருவிகூட அந்நோய் கண்ட கர்ப்பிணிக்குக் குறைத்துக் காட்டக்கூடும். சோதித்து ஏற்கப்பட்ட கருவிகளின் பட்டியலை ஸ்ட்ரைட் பி.பி. என்னும் பன்னாட்டு அமைப்பு வெளியிடுகிறது. அதில் கர்ப்பிணிகளுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. பெட்டியின் மேல் பச்சை முத்திரையும் சிரிக்கும் தாத்தா பாட்டி படமும் இருப்பது அதற்கு ஈடாகாது.

அளக்கும் முறையை மருத்துவர் ஒருமுறை செய்து காட்டினார். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். வெறும் கையில் பட்டையைக் கட்டி, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த ஐந்து நிமிட மௌனத்தைச் சம்பாதிக்கவே அரைமணி நேரம் ஆகிறது. மூத்தவள் மேசைக்கடியில் புகுந்துகொள்வாள், காஸ் தோம்புக்காரர் வாசலில் ஹாரன் அடிப்பார், அத்தை சமையற்கட்டிலிருந்தபடியே, "மாப்பிள்ளை, எவ்வளவு காட்டுது?" என்று கேட்பார். பதில் சொல்ல மனைவி வாயைத் திறந்தால் எண் ஏறும். இறுக்கமான சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியதுபோல் ஆகிவிடுவதால், தளர்வான நைட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். படுத்திருக்கும்போது எழுப்ப மனமில்லாமல் ஒருமுறை அப்படியே அளந்தேன். இடப்பக்கமாக ஒருக்களித்திருந்தவரின் மேலே இருந்த வலக்கையில் எண் நன்றாகவே குறைந்து வந்தது. கை இதயத்துக்கு மேலே இருந்ததுதான் காரணம், மறுபடியும் அதே நீர்மட்டக் கதை.

முதல் வாரத்தில் நான் மணிக்கொரு தரம் அளந்தேன். ஆலையில் பாய்லர் பதிவேட்டை மணிக்கொரு தரம் எழுதிப் பழகிய கை. 20 பார் அழுத்தத்தில் ஓடும் பாய்லரைப் பார்க்கிறவனுக்கு, இரத்த அழுத்தத்தின் 140, அதாவது 140 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 0.2 பார்கூட இல்லை. அந்த 0.2 பாருக்கு இவ்வளவு நடுங்குவோம் என்று நான் நினைத்ததில்லை. நான்காவது நாள் பட்டையை எடுத்துக்கொண்டு போனபோது மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னங்க, நான் உங்க பாய்லர் இல்ல," என்றார். அளக்க அளக்கப் பயத்திலேயே எண் ஏறும் என்று மருத்துவரும் சொல்ல, காலை ஏழு மணி, இரவு ஒன்பது மணி என்று இரண்டு வேளையோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. இக்கருவியின் எந்த அம்சத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்பதை அதுதான் காட்டுகிறது என்பதால் எழுதுகிறேன். முப்பத்தோராம் வாரத்தில் ஒருநாள் காலை 144/91 வந்தது. 140/90-ஐத் தாண்டினால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, அப்போதும் இறங்காவிட்டால் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் உடனே மறுபடி அளந்தேன். 142. மூன்றாம் முறை அளந்தேன். 137/88. அந்த 137-ஐ மட்டும் நோட்டில் எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாளும் அப்படியே செய்தேன். கணக்கைத் திருத்துகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. நல்ல எண் வரும்வரை காத்திருந்ததாகவே தோன்றியது. பாய்லர் பதிவேட்டில் நான் இப்படி எழுதியிருந்தால் வேலை போயிருக்கும், போவதும் நியாயம்.

மூன்றாம் நாள் எனக்கு இரவு ஷிப்ட். சட்டப்படி 2023 ஜனவரி 1 முதல் எங்களைப் போன்ற தனியார் தொழிலாளிக்கும் ஏழு நாள் தந்தையர் விடுப்பு உண்டு. ஆனால் அது பிள்ளை பிறந்த பிறகுதான். கர்ப்பத்தோடு போராடும் மாதங்களுக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்கும் நண்பர்கள்தான் விடுப்பு. அன்று யாரும் கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் திரையின் படம் வந்தது: 156/101. கீழே, "முன்னந்தலை வலிக்குது, கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு." அந்தப் பூச்சியைப் பற்றி எங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். விடாத தலைவலி, பார்வையில் மின்னல், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் எண் என்னவாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். எண் 160/110-ஐத் தொட்டால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டு மோட்டாரில் வீட்டுக்கு வந்து காரை எடுத்தேன். மருத்துவமனையில் 158/100, சிறுநீரில் புரதமும் இருந்தது.

வார்டில் இளம் மருத்துவர், எத்தனை நாளாக ஏறிவருகிறது என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். அதில் 136, 137, 138 என்று அழகாக இருந்தது. அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் பையில் கொண்டுவந்திருந்த கருவியை வாங்கி, நினைவுப் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். 144, 142, 137, 146, 143, 138. தேதியும் நேரமும் ஒரு நிமிட இடைவெளியில் வரிசையாக நின்றன. அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த முறை எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். என் மனைவி கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரவு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு டெக்ஸாமெத்தசோன் ஊசியைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை போட்டார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் லாபெட்டலோல் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளையாக்கி, நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து நோட்டில் வேளைக்கு இரண்டு எண்கள் எழுதுகிறோம், வந்தது வந்தபடி. எழுதுவது நானல்ல, மனைவி.

ஆகவே வாங்குகிறவர்கள் நினைவகம் உள்ள, தேதி நேரத்தோடு சேமிக்கும் கருவியையே வாங்கவும். இருபது முப்பது வெள்ளி குறைவாக நினைவகமில்லாததும் கிடைக்கிறது, வேண்டாம். இரண்டு பேருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்கும் பொத்தானும் இருக்கட்டும். எங்கள் கருவியில் அது இருந்தும் எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து நினைவகத்தைத் தட்டியபோது 164/96 என்று காட்ட, செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினேன். மனைவி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சமையற்கட்டிலிருந்து அத்தை, "அது நான்தான் மாப்பிள்ளை, சும்மா கட்டிப் பார்த்தேன்," என்றார். மகளின் சாப்பாட்டில் உப்பே போடாமல் மூன்று வாரம் அவரைப் படுத்தியவர் அத்தைதான். உப்பைக் குறைத்தால் பிரீ-எக்லாம்சியாவைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரமில்லை என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் மனைவிக்கு ருசியாகச் சோறு கிடைத்தது. இப்போது அத்தைக்கும் மாத்திரை எழுதியாகிவிட்டது, அவருக்கு உப்பைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். கருவியில் அவர் இரண்டாம் எண் பயனர்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு பேட்டரி போட வேண்டும், மின்சார அடாப்டரைத் தனியாக விற்கிறார்கள். பேட்டரி இளைத்தால் காற்றடைப்பது பாதியில் நின்று பிழைக்குறி காட்டும். கைபேசிச் செயலி இருக்கிறது, இரண்டு நாளில் அழித்துவிட்டேன். அளந்து முடித்ததும் கருவி எழுப்பும் ஒலியை நிறுத்த வழியில்லை, தொட்டில் வந்த பிறகு இது ஒரு தொல்லையாகும். கையேட்டில் மலாய், ஆங்கிலம், சீனம் உண்டு, தமிழ் இல்லை. பட்டையைக் கட்டும் படமாவது பெரிதாக இருந்திருக்கலாம். குழாய் உள்கையின் நடுவில் வரவேண்டும், பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும் என்பதை அத்தைக்குப் புரியவைக்க நானே பேனாவால் பட்டையில் அம்புக்குறி போட்டேன்.

இந்தக் கருவியால் ஆகாத வேலையும் உண்டு. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று அது சொல்லாது. குழந்தை வளர்கிறதா என்று சொல்லாது. நல்ல எண் வந்த நாளில் கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும், தோன்றியதும் உண்டு. வாரம் இருமுறை போகத்தான் வேண்டும். குழந்தையின் அசைவைக் கணக்கெடுக்கும் அட்டவணை பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி எண்ணி, பத்தாவது அசைவு எப்போது வந்தது என்று குறிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் உடனே போக வேண்டும். அதற்கு 264 வெள்ளி தேவையில்லை, ஒரு பென்சில் போதும். கட்டில் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

பிள்ளை பிறந்ததும் கருவியை யாருக்காவது பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பிறந்த பிறகும் முதல் வாரத்தில் அழுத்தம் மறுபடி ஏறக்கூடும், இந்நோய் கொண்டுவரும் வலிப்பு அப்போதும் வரக்கூடும், ஆகவே பத்தியத்தோடு பத்தியமாக வீட்டில் அளந்துகொண்டே இருங்கள் என்று மருத்துவர் சொன்னதால் புதிதாக எட்டு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். 37 வாரத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மருத்துவமனைப் பையில் கைக்குழந்தைத் துணிக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் நடுவில் பெரிய பட்டையை மடித்து வைத்திருக்கிறார் மனைவி. சிறிய பட்டை அத்தைக்கு.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு 136/86, ஒரு நிமிடம் கழித்து 133/85. பத்தாவது அசைவு மதியம் இரண்டேகாலுக்கு.